ஏடும் வினாத்தாளும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை அண்மிக்குங் காலத்தில் நம் மாணவரிடையே இரு சாராரைக் காணலாம். ஒரு சாரார் பாடக் குறிப்புகளை முதற்பக்கந் தொடங்கி மீண்டும் மீண்டும் வாசிப்பர். வினாத்தாளைத் தொட அஞ்சுவர். மற்றைச் சாரார் கடந்தகால வினாத்தாள்களை அடுக்கி வைத்து, இத்தனை செய்து முடித்தோம் என எண்ணிக்கை கூறி மகிழ்வர். இருவரும் உழைப்பிற் குறைந்தவரல்லர். எனினும் பெறுபேறு வெளியாகும் நாளில் இருவருமே ஏமாற்றமடைதல் உண்டு.

பலமுறை பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகின்றது. அப்பழக்கத்தையே அறிவென உள்ளம் மயங்குகின்றது. அமெரிக்க உளவியலாளரான றோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கும். உரைநடைப் பகுதியொன்றை மாணவர் சிலர் மீண்டும் வாசித்தனர். வேறு சிலர் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடங் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதியோர் அவரை விஞ்சினர்.

ஆயின், வினாத்தாளே போதுமென்று கொள்ளலாமோ? அதுவும் பொருந்தாது. உயிரியலின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணி நேரமே உண்டு. வினாவொன்றுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. அந்த விரைவு பயிற்சியாலன்றி வாராது. இரண்டாம் வினாத்தாளின் கட்டுரைப் பகுதியிலோ, பொருளறியாதவனுக்கு விரைவு துணைசெய்யாது. பாடத்திட்டமும் என்றும் ஒருபடித்தாய் இருப்பதன்று. 2019 ஆம் ஆண்டில் பழைய பாடத்திட்டத்துக்கும் புதியதற்கும் வெவ்வேறு வினாத்தாள்கள் வழங்கப்பட்டன. பழைய விடைகளை மனனஞ் செய்தலையே நம்பினோர் இத்தகைய மாற்றத்தின்முன் திகைத்தல் இயல்பே.

அவ்வாறாயின் இரண்டுக்கும் காலத்தைப் பங்கிடுவது எங்ஙனம்? அலகொன்றை மீட்டியதும் அவ்வலகுக்குரிய வினாக்களை மட்டும் ஏட்டை மூடிவைத்து விடுத்தல் வேண்டும். இறுதி ஆறு வாரங்களில் வாரமொருமுறை, மணிக்கூட்டை முன்வைத்து முழு வினாத்தாளொன்றை எழுதுதல் நன்று. அதற்கென அண்மைக்கால வினாத்தாள்கள் சிலவற்றைத் தொடாது காத்தல் தகும்.

எழுதிய விடைகளைப் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டு, பிழைகளை மூவகையாய்ப் பிரித்தலே இவற்றுள் தலையாயது. அறியாமையால் நேர்ந்த பிழை ஏட்டுக்கு மீளச் சொல்கின்றது. மறதியால் நேர்ந்தது, மூடிய ஏட்டோடு பலநாள் இடைவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்கின்றது. வினாவைத் தவறாக விளங்கியதாலோ நேரம் போதாமையாலோ நேர்ந்தது, மேலும் வினாத்தாள் செய்யச் சொல்கின்றது. இவ்வாறு அவரவர் பிழையே அவரவர்க்குரிய பங்கீட்டைத் தீர்மானித்துவிடும்.

இது நமக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பாடங்கேட்கும் முறைமையை வகுத்த பவணந்தி முனிவர், கற்றதைப் பேணிச் சிந்தித்தலோடு, வினாவுதலையும் பிறர் வினாவுக்கு விடையளித்தலையும் ஒருங்கே வைத்தார்.

பல்கலைக்கழக அனுமதி கருதி இப்பரீட்சைக்கு மூன்று முறையே தோற்றலாம். பல்கலைக்கழக வாயிலை இசட் புள்ளியே திறக்கின்றது. நகரத்துத் தனியார் வகுப்புகளில் வினாத்தாள்கள் குவிகின்றன. அவ்வசதியற்ற கிராமப் பாடசாலை மாணவன் அது கண்டு மனந்தளர வேண்டியதில்லை. ஒரே வினாத்தாளை எழுதுவித்து, அதன் பிழைகளை அவனோடிருந்து ஆராயும் ஆசிரியர் ஒருவர் வாய்ப்பாராயின், திருத்தப்படாத பத்து வினாத்தாள்களினும் அது பெரும்பயன் தரும்.