பபூன் கற்பித்த பாடம்

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஹாஸ்ய நாடகம் ஒன்று கட்டாயம் உண்டு. அதில் விதூஷகன் வேஷம் நம் தலையில்தான் விழும். நமக்குச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பதல்ல காரணம். வேறு எந்த உபாத்தியாயரும் அதற்குச் சம்மதிப்பதில்லை என்பதே.

பல வருஷங்கள் நாம் வகுப்பறைப் பழக்கத்தையே மேடையிலும் கையாண்டு வந்தோம். அதாவது, வேடிக்கையைச் சொல்லிவிட்டு உடனே அதன் பொருளையும் விளக்குவோம். பையன்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். பெரியவர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார்கள்.

ஒரு வருஷம் மட்டும் பந்தல் அதிரும்படி சிரிப்பு எழுந்தது. நம் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவனைப் போல் அன்று நாம் பேசிக் காட்டினோம். சபையோர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். ஆனால் அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தவன், பாடம் ஒப்பிக்க எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். நாம் வாங்கிய கைதட்டலுக்கு விலை கொடுத்தவன் யார் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

இந்த வித்தையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலில் ஏடுகளைப் புரட்டினோம். நகை பிறப்பதற்குத் தொல்காப்பியர் நான்கு காரணங்களைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் எள்ளல் இரண்டு வகைப்படும் என்று உரையாசிரியராகிய பேராசிரியர் பிரித்துக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. முதல் வகையை நாம் மேடையிலேயே செய்து பார்த்தாயிற்று. இரண்டாவது வகையைக் கற்பிக்கும் ஆசான் யார்?

அவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் 'வள்ளி திருமணம்' நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை என்பதே கிடையாது. அன்றிரவு மேடையில்தான் சந்திப்பு. அப்படியும் பொழுது விடியும் வரையில் கதை தடுமாறாமல் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்து வைத்த பாட்டும் வசனமும் அவர்களுக்கெல்லாம் பொதுச் சொத்து. அந்தச் சுவாமிகளே இந்தப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குப் பாத்திரமாக இருந்தவர்தாம். ஆனால் பபூனுக்கு மட்டும் அத்தகைய ஏடு கிடையாது. கதை தொடங்குவதற்கு முன்னால் தனியாக மேடை ஏறி, சந்தைக் கடை போல் இரைகிற கூட்டத்தை அடக்கிச் சிரிக்க வைப்பது அவர் பொறுப்பு. அதற்கான சரக்கையும் அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

சென்ற பங்குனியில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய பபூன் மேடைக்கு வந்தார், கும்பிட்டார், சாமி பாட்டு ஒன்றை உருக்கமாகப் பாடினார். கூட்டம் அடங்கியது. பிறகு சாவதானமாகச் சொன்னார்: "இன்னிக்கு நாடகத்துக்கு அழகான ஆளு ஒருத்தர் வரப்போறாருன்னு வீட்டிலே சொன்னேன். 'அப்போ நீங்க போகலையா?'ன்னு கேட்டுட்டா."

மிருதங்கக்காரர் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு பொங்கிற்று. அது அடங்கும் மட்டும் பபூன் வாய் திறக்கவில்லை. ஒன்றும் அறியாதவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நாமாயிருந்தால் அதற்குள் பதவுரை, பொழிப்புரை எல்லாம் சொல்லி முடித்திருப்போம்!

அடுத்தபடியாக, "உங்க ஊர்க் கண்மாயிலே குளிச்சேன், துண்டெல்லாம் ஒரே தூசி" என்றார். ஊரே சிரித்தது. "தூர் வாரினதாப் பலகை மட்டும் நிக்குது. அதையும் வாரியிருப்பாங்க, கனமா இருந்ததாலே விட்டுட்டாங்க" என்றாரோ இல்லையோ, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிலருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் டீக்கடையில் அவரைப் பிடித்தோம். "அண்ணே, இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டோம்.

"ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலே உட்கார்ந்துதான், வாத்தியாரய்யா. பெரியவங்க பேசறதைக் கேட்பேன். எந்த இடத்திலே சனம் சிரிச்சுது, எந்த இடத்திலே சிரிக்கலைன்னு மனசிலே குறிச்சு வச்சுக்குவேன். மேடைக்குப் போறதுக்கு முன்னாலே அந்தந்த ஊர் டீக்கடையிலே அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கிட்டு உட்காருவேன். அப்படித்தான் கண்மாய் கிடைச்சுது."

நம் பையனின் கதையையும் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "முதல் உதை எனக்குத்தான், அய்யா. என்னை நானே உதைச்சுக்கிட்டாத்தான் மத்தவங்களைத் தொட எனக்கு உரிமை வரும். அப்பவும் நமக்கு மேலே இருக்கிறவனைத்தான் தொடணும். எளியவனைத் தொட்டா அது சிரிப்பு இல்லே, அடி" என்றார். இரவெல்லாம் சிரித்தவர்கள் பகலில் தம்மைக் 'கூத்தாடி' என்று ஒதுக்குவதைக் கேட்டுக் கேட்டு, அடியின் வலியை அறிந்தவர் அவர்.

தியாகி விசுவநாத தாஸின் ஞாபகம் நமக்கு அப்போது வந்தது. இதே 'வள்ளி திருமண'த்தில் முருகனாக வேஷமிட்டவர் அவர். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கின் மீது ஏற்றி வெள்ளைக்காரர் ஆட்சியை எள்ளிப் பாடுவார். ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். போலீஸார் கைது செய்வார்கள். பல முறை சிறை சென்ற அவர், 1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்துடன் மேடையிலேயே உயிர் துறந்தார். அவருடைய எள்ளலால் எளியவர் யாரும் தலை குனியவில்லை. குனிந்து கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாக அந்தப் பையனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். உபாத்தியாயர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று அவன் மிரண்டு போனான். அடுத்த ஆண்டு விழாவில் நம்முடைய வழுக்கைத் தலையையும், வேடிக்கைக்குப் பொழிப்புரை சொல்லும் வழக்கத்தையுமே நாடகமாக்கினோம். ஒவ்வொரு வேடிக்கைக்கும் பிறகு மனத்துக்குள் மூன்று வரை எண்ணிக்கொண்டு வாயை மூடி நின்றோம். அந்த மூன்று எண்ணிக்கை மூன்று யுகமாக இருந்தது. ஆனால் சிரிப்பு வந்தது. சென்ற தடவை போல் பந்தல் அதிரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது வரிசையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். மனமாரச் சிரித்தானா, மரியாதைக்காகச் சிரித்தானா என்று மேடையிலிருந்து நமக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மணி அடித்ததும் ஆஜர்ப் பட்டியலை எடுத்து வாசித்தோம். அவன் பெயர் வந்தது. எழுந்து நின்று, சற்றே திக்கி, "உள்ளேன் ஐயா" என்றான்.