ஒரு சொல்... பல பொருள்!



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஓர் ஆங்கிலச் சொல் மிகுதியாகப் புழங்கும். "கொடைக்கானலில் எத்தனை ஸ்பாட் பார்த்தீர்கள்?" என்று கேட்கிறோம். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகின்றனர். இங்கே ஸ்பாட் என்பதற்கு இடம் என்று பொருள்.

அதே மலைப்பாதையில் விதி மீறியவரிடம் காவலர் வசூலிப்பது 'ஸ்பாட் பைன்'. கல்லூரியில் 'ஸ்பாட் அட்மிஷன்'. இவற்றில் அதன் பொருள் உடனடி என்பதாகும். விபத்தில் ஒருவர் 'ஸ்பாட்டிலேயே' மவுத்தானார் என்னும்போது இடமும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. வெள்ளைச் சட்டையில் சிந்திய தேநீரின் கறையும் ஸ்பாட். முகத்தில் தோன்றும் பருவும் ஸ்பாட். மானின் உடலிலுள்ள புள்ளியும் ஸ்பாட். வினைச்சொல்லாக வருமாயின், கூட்டத்தில் ஒருவரை அடையாளம் கண்டுகொள்வதைக் குறிக்கும்.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை மனனம் செய்த பிள்ளை இங்கே தடுமாறும். சொல் நிற்கும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளப் பழகிய பிள்ளை தடுமாறாது. எம்மொழியைக் கற்பதற்கும் இதுவே வழி.

கொடைக்கானலில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஆராய்வது சூரியனின் 'ஸ்பாட்'களை! 1909ஆம் ஆண்டு ஜனவரியில் எவர்ஷெட் என்னும் அறிஞர், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். உலகம் அதை அவர் பெயராலேயே அழைக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுடையது. காந்த விசை உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்கும் இடங்கள் ஆயிரம் டிகிரிக்கும் மேலாகக் குளிர்ந்து, கருமையாகத் தோன்றுகின்றன. ஒளிப்பிழம்பான சூரியனிலும் வெப்பம் தடைப்பட்ட இடம் கறுத்துவிடுகிறது!

இதைப் படிக்கையில் ஒரு நபிமொழி நம் நினைவுக்கு வரவேண்டும். அடியான் ஒரு பாவம் செய்தால் அவனது கல்பில் ஒரு கரும்புள்ளி இடப்படுகிறது. அவன் விலகித் தவ்பா செய்தால் கல்பு துலக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் செய்தால் அப்புள்ளி பெருகிக் கல்பையே மூடிவிடுகிறது என்னும் கருத்துடைய ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது திர்மிதியில் பதிவாகியுள்ளது. அதில் புள்ளிக்கு வந்துள்ள அரபுச் சொல் 'நுக்தா'. அச்சொல்லுக்கும் பல பொருள்கள்! ஆலிம்களின் நூல்களில் நுக்தா என்றால் நுட்பமான கருத்து. இன்றைய அரபு மக்களின் பேச்சில் நகைச்சுவைத் துணுக்கு.

வாசகர்களே! நாம் இடம் என்னும் பொருளில் தேடிச் செல்லும் ஸ்பாட்டை, திரும்பும்போது கறை என்னும் பொருளில் விட்டுவிட்டு வரலாமா? வாகன நெரிசல் மிகுந்ததால் உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. வாகனங்களை எண்ணிவிடலாம், பிரியாணிப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் புட்டியையும் சோலைக்குள் எறியும் கைகளை யார் எண்ணுவது? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று எனக் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கொண்டுசென்ற பையிலேயே குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நாம் செல்லும் இடங்களையும் நம் கல்புகளையும் கறையின்றிக் காத்துக்கொள்ள வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.