பெரிய கோட்டும், பேசிவிட்ட அம்மாவும்

கல்யாணமாகி அமெரிக்கா வந்து இருபது வருஷமாச்சு. இங்கேயே பிறந்த என் மகளுக்கு வயசு பதினேழு. போன வருஷம் ஒருநாள், "அம்மா, நான் வெஸ்ட் பாயின்ட்ல சேர்ந்து ராணுவ அதிகாரி ஆகணும்"னு வந்து நின்னா. எனக்கு வயிற்றைக் கலக்கிடுச்சு.

நியூயார்க் மாநிலத்தில் 1802-ல் தொடங்கிய ராணுவ அகாடமி அது. பெண்களை 1976-லிருந்து சேர்க்கிறார்கள். நாலு வருஷப் படிப்புக்கு ஃபீஸ் கிடையாது. ஆனால் முடித்தபின் குறைந்தது ஐந்து வருஷம் ராணுவத்தில் இருக்கணும். மார்க் மட்டும் போதாது. தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரோ, செனட்டரோ பெயரை முன்மொழிய வேண்டும். இதுதான் 'நாமினேஷன்'. அதற்கு ஒரு குழு இன்டர்வியூ நடத்தும்.

இன்டர்வியூ என்றதும் ஓடிப்போய் கருநீல கோட் வாங்கினேன். 'வளர்ற பொண்ணாச்சே'ன்னு நம்ம ஊர் வழக்கப்படி ஒரு சைஸ் பெரிசு! வீட்டில் போட்டுப் பார்த்து, அவ அப்பாவுக்குக் கை கொடுத்தா. விரல் நுனிதான் தெரிந்தது. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். கடைசியில், பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் போடும் பழைய கோட்டையே தேய்த்து, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட தட்டை ஷூ என்று கிளம்பினாள். தலையை இழுத்துக் கட்டி, காதில் சின்னத் தோடு. சென்ட் வேண்டாம்னுட்டா.

பதினைந்து நிமிஷம் முன்பே போய்விட்டோம். வெளியே வந்த பெரியவர், "வெஸ்ட் பாயின்ட்டில் ஏன் சேர ஆசை?" என்று அவளைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "சின்ன வயசிலிருந்தே ஆசை சார்" என்றேன். அவர் புன்னகையோடு, "அவளே சொல்லட்டுமே அம்மா" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போச்சு.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், உள்ளே என்ன சொன்னாய் என்று. "2021-ல ஐடா புயல் வெள்ளத்துல, பக்கத்துத் தெருப் பாட்டியை ராணுவ உடையில ஒரு அக்கா தோளைப் பிடிச்சு லாரியில ஏத்தினாங்க இல்ல? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்"னா. பெற்ற எனக்கு இது தெரியாது! கேட்டதே இல்லையே. பயத்தில், 'கிடைக்காவிட்டால் நல்லது' என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தவள் நான்.

நாமினேஷன் கிடைத்துவிட்டது. அதனாலேயே இடம் கிடைத்ததாக அர்த்தமில்லை. முடிவு அகாடமியின் கையில். கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம். இப்போது கிடைக்கணும் என்றே வேண்டுகிறேன்.

பிள்ளைகளை எந்த இன்டர்வியூவுக்கு அனுப்பும் தாய்மார்களுக்கும் என் அனுபவத்தில் சொல்வது: துணி புதுசாக இருக்க வேண்டாம், அளவாக, சுத்தமாக இருக்கட்டும். ஒரு வாரம் முன்பே போட்டு, உட்கார்ந்து, எழுந்து, கைகொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடுத்திவிடுவதோடு நம் வேலை முடிந்தது. பதிலை அவர்களிடமே விட்டுவிடுங்கள்!

– ஒரு வாசகி, நியூஜெர்சி