பணமுடைக் காலத்தில் கணக்குத் தவறுவது ஏன்?

பணமுடை கையை மட்டுமல்ல, மனத்தையும் கட்டிப்போடுகிறது. வரவு செலவில் கெட்டிக்காரரான விவசாயிகூடக் கரும்பு வெட்டுக்கு முந்தைய மாதங்களில் தவறான முடிவுகள் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் அறுவடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சிந்தனைத் திறன் சோதிக்கப்பட்டது. அறுவடைக்கு முன் அதே விவசாயிகள் கூடுதலாகத் தவறு செய்தனர். அதிக நேரமும் எடுத்துக்கொண்டனர். அப்போது நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 பேரே. விவசாயியின் அறிவில் குறையில்லை. பணக்கவலை மனத்தை நிறைத்துக்கொள்வதால் மற்றக் கணக்குகளுக்கு இடமில்லாமற் போகிறது என்பதே ஆய்வின் முடிவு.

கையில் பணம் இருக்கும்போது வேறொரு தவறு நேர்கிறது. உரத்தால் பலன் உண்டு என அறிந்தும், 'பிறகு வாங்கலாம்' என்று தள்ளிப்போட்டால் பணம் கரைந்துவிடும். மேற்குக் கென்யாவின் மக்காச்சோள விவசாயிகளிடம் அறுவடை முடிந்த கையோடு உரப்பணம் பெற்று, உரத்தை இலவசமாக வீட்டில் சேர்ப்பிக்கும் முறை சோதிக்கப்பட்டது. பின்னர் பாதி விலைக்கு உரம் தருவதால் ஏற்படும் பலனுக்கு இது குறையவில்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. கரும்புப் பணம் வந்த வாரமே அடுத்த பயிரின் உரச் செலவை ஒதுக்கிவிட வேண்டும். நடவுக் கரும்புக்கு 30, 60, 90-ஆம் நாட்களில் மேலுரம் தேவை. முன்கூட்டி வாங்கும் மூட்டைகளை ஈரம் படாமல் மரப்பலகை மீது அடுக்குதல் நல்லது.

2. வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். 20,000 ரூபாய்க்கு 8 மாதத்தில் வட்டி மட்டும் 4,800 ரூபாய். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை. ஆகவே, அக்கடனுக்கு முன்கூட்டியே மனுச் செய்வது அவசியம்.

3. மாடு விற்பது, நிலத்தை ஒத்திக்கு விடுவது போன்ற முடிவுகளை நெருக்கடி நேரத்தில் உடனே எடுக்கலாகாது. கணக்கைத் தாளில் எழுதி, வீட்டாருடன் கலந்து, மறுநாள் முடிவு செய்தல் நலம்.