மலைகளுக்கு அளவெடுக்கும் வாரம்

இரண்டு நெல் மூட்டைக்குச் சற்றே குறைவான எடை. 145 கிலோ. அந்த உடம்போடு ஒரு கல்லூரி மாணவர், ஓடி வராமல், நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி எம்புகிறார். முப்பத்தாறரை அங்குலம், அதாவது மூன்றடிக்கும் மேலே! 2020-ல் இண்டியானாபொலிஸில் இதைச் செய்து காட்டியவர் அயோவா பல்கலைக்கழகத்தின் டிரிஸ்டன் வர்ஃப்ஸ். அந்த வீடியோவை எப்போது போட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அடுத்த பிப்ரவரியிலேயே அவர் டாம்பா பே அணியோடு சூப்பர் பௌல் சாம்பியன் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

அமெரிக்கக் கால்பந்தில் இப்படிப்பட்ட மலை உடம்புக்காரர்கள்தான் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். வரிசையாக ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். பந்தைப் பின்னால் அனுப்பிவைக்கும் சென்டரைத் தவிர மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று விநாடி வாங்கித் தர வேண்டும். பந்தோடு ஓடுகிறவருக்கு வழி பிளந்து கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரலில் என்எஃப்எல் அமைப்பின் 32 அணிகளும் கல்லூரிகளிலிருந்து ஏழு சுற்றுகளாக ஆளெடுக்கின்றன. அந்த டிராஃப்ட் நாளில் ஊர்க்கண்ணெல்லாம் குவார்ட்டர்பேக் மேல்தான். இருக்கட்டும்! இந்த மலைகளைச் சலித்தெடுக்கிறார்களே, அந்தத் திரைமறைவு வேலைக்கு ஈடான சுவாரசியம் இந்த விளையாட்டில் வேறெங்கும் இல்லை. வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் திரையிருக்கும் அறை. அணிக்கு ஆள் தேடித்தரும் ஸ்கவுட்டின் கையில் ரிமோட். நாம் டிவியில் பார்க்கும் ஒளிபரப்பு இங்கே உதவாது. 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து ஒரு கோணம், மைதானத்தின் கோடியிலிருந்து இன்னொரு கோணம் என்று தனியாக எடுத்த படம் ஓடும். பந்து எங்கே போகிறது என்பது பற்றி அந்த அறையில் யாருக்கும் கவலையில்லை. திரையின் ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு டேக்கிள். அவருடைய பாதம். ஓட விடுகிறார், நிறுத்துகிறார், பின்னால் இழுக்கிறார், மறுபடி ஓட விடுகிறார்.

பந்து நகர்ந்த கணத்தில் வெளிப்பக்கக் கால் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். உள்பக்கக் கால் அதைத் தொடர்ந்து வர வேண்டும். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது, பின்னிக்கொள்ளவும் கூடாது. ஒட்டிய மறுநொடி எதிராளி தோளால் ஒரு தள்ளு தள்ளினால் ஆள் மல்லாந்துவிடுவார். அடுத்து இடுப்பு. முழங்காலை மடக்கித் தாழ்கிறாரா, இடுப்பை வளைத்துக் குனிகிறாரா? குனிகிறவரின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும். எதிராளி அவர் கையைத் தட்டிவிட்டு நழுவிவிடுவார். பிறகு கை. எதிராளியின் நெஞ்சுக்கூட்டுக்குள் எந்தக் கணத்தில் குத்துகிறார்? முந்தினால் அடி காற்றில் போகும், பிந்தினால் தன் நெஞ்சில் விழும். இத்தனையும் ஒரு விநாடிக்குள் முடிந்துபோகிற சங்கதி! அதற்காக ஐந்து நிமிடம் செலவழிக்கிறார்கள். செலவழிக்கத்தான் வேண்டும் என்பேன்.

இதற்குப் பேர்போன படம் ஒன்று உண்டு. 2019 அக்டோபரில் நார்த்வெஸ்டர்னுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் நடந்த ஆட்டம். ஒஹாயோ பக்கம் சேஸ் யங். அந்த ஆண்டு கல்லூரி ஆட்டத்தையே கலங்கடித்த தடுப்பாட்டக்காரர். அவருக்கு எதிரே நின்றவர் ரஷான் ஸ்லேட்டர். நார்த்வெஸ்டர்ன் படுதோல்வி அடைந்தது. ஆனால் ஸ்லேட்டர் யங்குக்கு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. கொரோனா காரணமாக அடுத்த பருவம் முழுக்க ஸ்லேட்டர் ஆடவே இல்லை. ஆடாமலேயே 2021 டிராஃப்டில் 13-வது ஆளாக சார்ஜர்ஸ் அணிக்குப் போனார். ஒரு மாலைப்பொழுதின் பாத வேலைக்கு இவ்வளவு மதிப்பு!

படத்தில் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. இன்றைக்குப் பல கல்லூரி அணிகள் பந்தைச் சடாரென்று எறிந்துவிடுகின்றன. லைன்மேன் மூன்று விநாடி தாக்குப்பிடிக்க வேண்டிய சந்தர்ப்பமே சில ஆட்டங்களில் விரல்விட்டு எண்ணும்படிதான் வரும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அலபாமாவின் மொபீல் நகரில், டிராஃப்டுக்குப் போகும் மாணவர்களுக்கான சீனியர் பௌல் பயிற்சி வாரம். ஒருவரோடு ஒருவரை மோதவிடுவார்கள். பக்கத்துத் துணை கிடையாது, இடமோ தாராளம். எல்லாமே தாக்க வருகிறவருக்குச் சாதகம். எனவே தோற்பது அவமானமே அல்ல. ஒருமுறை தோற்றவர் அடுத்த முறைக்கு என்ன மாற்றிக்கொண்டு வருகிறார் என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இனி இண்டியானாபொலிஸ். 1987 முதல், டிராஃப்டுக்கு முந்தைய கம்பைன் என்னும் தேர்வு இங்கேதான் நடந்து வருகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அழைப்பு போகும். அரைக்கால்சட்டையோடு ஒவ்வொருவராக வந்து நிற்க, உயரம், எடை, உள்ளங்கை, கைநீளம் எல்லாம் அளந்து உரக்கச் சொல்வார்கள். கணக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை போகும். ஸ்கவுட் நோட்டில் 6045 என்றிருந்தால் ஆறடி, நான்கு அங்குலம், எட்டில் ஐந்து என்று படிக்க வேண்டும். என்ன ஒரு நறுக்கான குறிப்பு!

பெரிய சண்டையெல்லாம் கைநீளத்தில்தான். தோள் எலும்பின் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை டேப்பைப் பிடிப்பார்கள். டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும், 34 இருந்தால் நிம்மதி என்பது பழைய கணக்கு. எதிராளி தொடுவதற்கு முன் நாம் தொட வேண்டுமே! 2025-ல் லூசியானா ஸ்டேட்டின் வில் கேம்பெல் கை இங்கே 32 அங்குலமும் எட்டில் ஐந்தும் என்று வந்தது. அவ்வளவுதான், இவரைக் கார்டாக உள்ளே நகர்த்த வேண்டியதுதான் என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சில வாரம் கழித்து அவருடைய கல்லூரியிலேயே நடந்த அளவெடுப்பில் அதே கை சரியாக 33! நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை 4-வது ஆளாக எடுத்து இடது டேக்கிள் இடத்திலேயே நிறுத்தியது. பழைய டேக்கிள் ஜோ தாமஸின் கையோ அதைவிடக் குட்டை, வெறும் முப்பத்திரண்டரை. 2007-ல் 3-வது ஆளாக க்ளீவ்லாந்துக்குப் போனவர், ஒரு ஆட்ட நகர்வுகூட விடாமல் தொடர்ந்து 10,363 நகர்வுகள் களத்தில் நின்றார். 2023-ல் ஹால் ஆஃப் ஃபேம் பெருமையும் சேர்ந்தது. டிராஃப்ட் அன்று விழா மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போன மனிதர் அவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 225 பவுண்டு எடையை மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்க முடியும் என்றும் சோதிக்கிறார்கள். கை நீளமானவருக்கு எடை பயணிக்கிற தூரமும் அதிகம். குட்டைக் கைக்காரர் சட்டுச் சட்டென்று தூக்கிவிடுவார். ஒரு சோதனை கொண்டாடுகிற கையை இன்னொரு சோதனை தண்டிக்கிறது! 40 கெஜ ஓட்டத்தை மொத்தமாகப் பார்ப்பதிலும் பெரிய அர்த்தமில்லை, லைன்மேன் ஆட்டத்தில் 40 கெஜம் ஓடுகிற வேளை எப்போதோ வரும். முதல் 10 கெஜத்தைப் பாருங்கள். 1.8 விநாடிக்குள் வந்தால் இடுப்பில் வெடிமருந்து இருக்கிறது என்று பொருள்.

எனக்கு உயிர் மிரர் டிரில் என்கிற பயிற்சிதான். எதிரே ஒருவர் இடமும் வலமுமாக ஏமாற்றி ஏமாற்றி அசைவார். லைன்மேன் கைகளை அடக்கிக்கொண்டு, காலைப் பின்னாமல், அவர் போகிற பக்கமெல்லாம் கூடவே போக வேண்டும். கடிகாரம் கிடையாது, டேப் கிடையாது. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் மிதந்து போவதைப் பார்க்கப் பார்க்க, அடடா! முன்பாதத்தில் பாரம் தாங்கி நகர்கிறவரையும், தொம் தொம்மென்று குதிகாலில் இறங்குகிறவரையும் முதல்முறை பார்க்கிறவரே பிரித்துச் சொல்லிவிடலாம்.

மூடிய கதவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வேலைகள். ஒன்று நேர்காணல். பயிற்சியாளர் ஒரு நகர்வை வெண்பலகையில் வரைந்து விளக்குவார், பிறகு வீட்டையும் படிப்பையும் பற்றி விசாரித்துப் பேச்சை மாற்றுவார், சட்டென்று பேனாவை நீட்டி அதை வரையச் சொல்வார். மற்றொன்று மருத்துவச் சோதனை. கம்பைன் பிறந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான். அணி மருத்துவர்கள் மாறி மாறி முழங்காலையும் தோளையும் அசைத்துப் பார்ப்பார்கள். டென்னசியின் ட்ரே ஸ்மித்துக்கு 2018-ல் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தது தெரியவந்தது. அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பு 2021 டிராஃப்டில் அவரை 226-வது இடம் வரை தள்ளிவிட்டது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தது. முதல் பருவத்திலேயே எல்லா ஆட்டத்திலும் தொடக்க வீரர். 2025-ல் நான்கு ஆண்டுக்கு 9.4 கோடி டாலர் ஒப்பந்தம்.

ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் கதை இன்னும் ருசி. 2018 கம்பைனில் 40 கெஜ ஓட்டம் 5.85 விநாடி, எடை தூக்கியது 14 முறை, குதித்தது பத்தொன்பதரை அங்குலம். எல்லாமே பரிதாபம். ஆனால் ஓக்லஹோமா கல்லூரிக்கு அவர் ஆடிய படத்தைப் போட்டால் அவரைச் சுற்றிக்கொண்டு போக யாராலும் முடியவில்லை! அளவுகளை நம்பிய அணிகள் அவரை 83-வது இடம் வரை விட்டுவிட்டன. அங்கே பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தது. பிறகு அவரும் சீஃப்ஸுக்கு வந்து சேர்ந்தார். படமும் டேப்பும் மோதினால் படத்தைத்தான் நம்ப வேண்டும், டேப்பை அல்ல. என் கட்சி இதுதான்.

2023 பிப்ரவரி 12, சூப்பர் பௌல். சீஃப்ஸை எதிர்த்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அந்தப் பருவத்தில் மட்டும் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைப் பந்தை எறியவிடாமல் 70 முறை சாய்த்திருந்தது. சீஃப்ஸ் வரிசையில் நின்றவர்கள்: 83-வதாகப் போன பிரவுன், 2016-ல் 78-வதாகப் போன ஜோ தூனி, 63-வது க்ரீட் ஹம்ஃப்ரி, 226-வது ஸ்மித், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆண்ட்ரூ வைலி. ஐவரில் ஒருவர்கூட முதல் சுற்று ஆள் இல்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் ஒருமுறைகூடச் சாய்க்கப்படவில்லை.