வளையும் பெருங்குழாய்

நீர்க்குழாய் என்றதும் இரும்பே நினைவிற்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இன்றோ நிலத்தின் கீழ்ச் செல்லும் குடிநீர்க் குழாய்களுட் பல பொலியெதிலீன் என்னும் பிளாத்திக்கினாலானவை. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்தின் செசயர்ப் பகுதியில் எரிக் போசெற், றெசினோல்ட் கிப்சன் என்னும் இரு இரசாயனவியலார் எதிலீன் வாயுவை மிக உயர்ந்த அமுக்கத்திற்கு உட்படுத்தினர். எதிர்பாராத வகையில், மெழுகு போன்ற வெண்பொருளொன்று கலத்தில் எஞ்சியது. அதுவே பொலியெதிலீன். 1953 இல் செர்மானிய அறிஞர் காள் சீகிளர் குறைந்த அமுக்கத்தில் அதனை ஆக்கும் வழியைக் கண்டார். அவ்வழியிற் கிடைத்த அடர்த்தி மிக்க வகையிலிருந்தே இன்றைய பெருங்குழாய்கள் வளர்ச்சி பெற்றன.

இக்குழாய் துருப்பிடிப்பதில்லை, இரும்பிலும் பன்மடங்கு இலேசானது. 110 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயையும் சுருளாகச் சுற்றிக் கொண்டுவர முடிகின்றது. எனவே நெடுந்தூரத்திற்கு மூட்டின்றியே அதனைப் பதிக்கலாம். ஆயினும், எளிதிற் கையாளக்கூடியதெனத் தோன்றும் இப்பொருளில் ஆபத்தும் உண்டு.

சுருளாகச் சுற்றிய பெருங்குழாய் முறுக்கேற்றிய வில்லுக்கு ஒப்பானது. அதன் கட்டுக்கள் அனைத்தையும் ஒருங்கே அறுத்துவிட்டால், விடுபட்ட நுனி சாட்டை போல வீசி, அருகில் நிற்பவரின் எலும்பை முறித்துவிடலாம். எனவே வெளிநுனியை முதலில் உறுதியாகக் கட்டிக்கொண்டு, வெளிச்சுற்றின் கட்டை மாத்திரம் அறுத்து, அச்சுற்றை விரித்த பின்னரே அடுத்த சுற்றிற்குச் செல்லுதல் வேண்டும். நுனி வீசக்கூடிய திசையில் எவரும் நிற்றலாகாது.

வளைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண வெப்பநிலையில், வளைவின் ஆரை குழாயின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய 25 மடங்கிற்குக் குறையாதிருப்பது நன்று. 110 மில்லிமீற்றர்க் குழாய்க்கு இது ஏறத்தாழ இரண்டே முக்கால் மீற்றர் ஆகும். குளிர் மிகுந்தால் இவ்வளவும் மிகுதல் வேண்டும். இதனிலும் இறுக்கமான திருப்பத்திற்கு வளைவுத்துண்டு ஒன்றைப் பொருத்துவதே முறை. தீச்சுவாலை காட்டி வளைத்தல் குழாயைக் கெடுத்துவிடும்.

வெப்பத்தால் விரிவதில் இப்பொருள் இரும்பை வெகுவாக விஞ்சுகின்றது. ஒரு மீற்றர் நீளம், ஒரு பாகை செல்சியசுக்கு, மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்களவு நீள்கின்றது. நூறு மீற்றர்க் குழாய் 20 பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் சுருங்கும். இரும்போ அதே நிலையில் மூன்று சென்ரிமீற்றரும் சுருங்காது. நண்பகல் வெயிலிற் சூடேறிய குழாயை இழுத்து இரு முனைகளிலும் பொருத்திவிட்டால், இரவுக் குளிரில் அது சுருங்கி மூட்டைப் பற்றி இழுக்கும். இதனாலேயே குழாயை அகழியில் சற்று நெளிந்து கிடக்கவிட்டு, அது மண்ணின் குளிர்ச்சியை அடைந்த பின் முனைகளை இணைப்பர்.

மூட்டு இடுவதிலேயே தொழிலாளியின் பொறுப்பு மிகுதியாகும். இரு முனைகளையும் சமமாகச் சீவி, 200 பாகைக்குச் சற்று மேற்பட்ட சூட்டுத் தட்டில் உருக்கி, ஒன்றோடொன்று அழுத்துவது ஒரு முறை. மின்கம்பி பதித்த உறையினுட் செருகி உருக்குவது மற்றொரு முறை. இதற்குக் குழாயின் மேற்றோலை மெல்லியதாகச் சுரண்டி நீக்குதல் இன்றியமையாதது. இரண்டிலும் சேறு, ஈரம், கைவியர்வை ஆகியன பகை. தானே ஆறும் வரை மூட்டை அசைக்கலாகாது. விரைவாக ஆற்றுவதற்கு நீரூற்றுவதும் தவறு.

செவ்வனே இட்ட மூட்டு குழாயளவு வலிமையுடையது. பழுதான மூட்டோ வெளிப்பார்வைக்கு நல்லதைப் போலவே தோன்றி, மாதங்கள் சில கழிந்தபின் பிளந்து, ஓர் ஊரின் குடிநீரையே மண்ணுக்குள் வடியச் செய்துவிடலாம். ஆதலின் மூட்டுக்களை மூடாது விட்டு, குழாயில் நீர் நிரப்பி அமுக்கம் கொடுத்துச் சோதித்த பின்னரே அவற்றின்மேல் மண்ணிட வேண்டும். அதற்குச் செலவாகும் ஒரு நாள், பின்னர் பல நாள் வீதியைத் தோண்டும் வேலையை மிச்சப்படுத்தும்.