மூன்று கம்பிகளில் பொய் சொல்வது எது?

பழவேற்காட்டுக் கரையில் இறங்கிய இறாலையும் நண்டையும் பொன்னேரிக்கு ஏற்றிச் செல்லும் மின்சார ஆட்டோ ஒன்றை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். பெட்டியில் பனிக்கட்டி உருகிக் கொண்டிருக்கிறது. பாதி வழியில் வண்டி திக்கித் திக்கி ஓடி, நின்றே விடுகிறது. பேட்டரியில் குறையில்லை, மோட்டாரும் நன்றாகவே இருக்கிறது. பின் குற்றவாளி யார்? சில வேளைகளில், மின்னோட்ட உணரி என்னும் சிறு கருவிதான்.

இத்தகைய மோட்டாருக்கு மூன்று கம்பிகளில் மாறுமின்னோட்டம் செல்கிறது. ஒவ்வொன்றிலும் எத்தனை ஆம்பியர் என்பதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அறிந்தே கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை ஓட்டுகிறது. அளக்க உதவுவது, 1879-இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு. மின்னோட்டம் பாயும் மெல்லிய தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால், அதன் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும். கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலமே இங்குப் போதும். கம்பியை வெட்ட வேண்டியதில்லை. 5 வோல்ட்டில் இயங்கும் உணரி பெரும்பாலும், மின்னோட்டமே இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும்.

ஏரிக்கரையின் உப்புக் காற்று இணைப்பு ஊசிகளை அரித்தால் இந்த அளவு தவறும். வெப்பமும் தவறச் செய்யும். பொய்யை எப்படிப் பிடிப்பது?

கிர்க்காஃபின் முதல் விதியைப் படித்திருப்பீர்கள். மோட்டாருக்குள் மூன்று சுருள்களும் ஒரே புள்ளியில் சேர்கின்றன, வேறு வழியில்லை. ஆகவே மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை எக்கணமும் சுழி. 40, –25, –15 என்றால் சரி. 46, –25, –15 என்று வந்தால் 6 ஆம்பியர் மிஞ்சுகிறது. எங்கோ பொய் இருக்கிறது. ஆனால் எந்த உணரி?

முதலில், வண்டி நிற்கும்போது பாருங்கள். அப்போதும் ஓர் உணரி 6 காட்டினால், அதன் சுழிப்புள்ளியே நகர்ந்துவிட்டது. இப்பிழை, மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மோட்டாரை வெட்டி இழுக்கும்.

நிற்கும்போது மூன்றும் சுழியா? அப்படியானால் ஓர் உணரி உள்ளதைப் பெருக்கிக் காட்டுகிறது: 40-ஐ 46 என்று. இப்போது இழுப்பு சுற்றுக்கு இரண்டு தடவை. ஆளைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. மிச்சம் அந்தக் கம்பியின் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் அன்றோ? எனவே மிச்சம் சுழியாகும் அதே கணத்தில் எந்தக் கம்பியின் அளவும் சுழியாகிறதோ, பொய் அங்கேதான்.

பிழை மிகுந்தால் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தையே நிறுத்திவிடும். திடீரென்று வண்டி பாய்வதைவிட அது மேல்.

செலவைக் குறைக்க இரண்டே உணரி வைத்து, மூன்றாவதைக் கணக்கிட்டுக் கொள்ளும் வண்டிகளும் உண்டு. இதை நல்ல சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே கூட்டுத்தொகை எப்போதும் சுழியாகவே வரும்! மெக்கானிக் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.